லினக்ஸில் குறிப்பெடுக்க எந்தச் செயலி? முதலில் உங்கள் போன் எது என்று சொல்லுங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வந்தாயிற்று, ஒன்நோட்டிலும் எவர்நோட்டிலும் பல வருடக் குறிப்புகள் கிடக்கின்றன, போனிலும் அதே குறிப்புகள் தெரிய வேண்டும், பாதி ஆங்கிலம் பாதி தமிழ் என்று எழுதுகிற பழக்கம். இனிமேல் எதில் எழுதுவது?

வழக்கமாக இதற்கு இருபது செயலிகளின் பெயரைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நல்லது கெட்டது போட்டு ஒரு அட்டவணை கொடுப்பார்கள். அதைப் படித்துவிட்டு யாரும் முடிவுக்கு வந்து நான் பார்த்ததில்லை, மூன்றை நிறுவிப் பார்த்துவிட்டு நாலாவதைத் தேடுவார்கள். லினக்ஸ் கம்ப்யூட்டரில் குறிப்பெடுக்கச் செயலிக்குப் பஞ்சமே இல்லை, எதை நிறுவினாலும் எழுதலாம், தேடலாம், சேமிக்கலாம். சிக்கல் எல்லாம் அந்தக் குறிப்பு போனுக்குப் போய்த் திரும்பி வரும் வழியில்தான் இருக்கிறது. அதனால் உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டா ஐபோனா என்பதுதான் என்னுடைய முதல் கேள்வி, உபுண்டுவா ஃபெடோராவா என்பது இல்லை.

ஆண்ட்ராய்ட் என்றால் உங்களுக்கு எல்லா வழியும் திறந்திருக்கிறது. குறிப்புகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் வைத்து, சிங்க்திங் என்ற ஒத்திசைவு மென்பொருள் மூலம் அந்த ஃபோல்டரையே கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் இடையில் ஒத்திசைக்கலாம். நடுவில் யாருடைய சர்வரிலும் கோப்பு சேமிக்கப்படாது, கணக்கு தொடங்க வேண்டாம், மாதச் சந்தா கிடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிங்க்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்ட் செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. பழைய வழிகாட்டிகள் அதைத்தான் நிறுவச் சொல்லும். இப்போது சிங்க்திங்-ஃபோர்க் என்ற கிளைப் பதிப்பைத்தான் பலரும் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, போனின் பேட்டரி சேமிப்பு அமைப்பு பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும், அதில் சிங்க்திங்குக்கு விலக்கு கொடுக்காவிட்டால் 'ஒத்திசைவு வேலை செய்யவில்லை' என்று நீங்கள் செயலியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஐபோன் என்றால் கதை வேறு. சிங்க்திங்குக்கு அதிகாரபூர்வ ஐபோன் செயலி கிடையாது, ஐகிளவுடுக்கு லினக்ஸில் அதிகாரபூர்வ செயலி கிடையாது. ஆக, கோப்பு ஃபோல்டரை அப்படியே பகிரும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. செயலியே தன் ஒத்திசைவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் ஐபோன்காரர்களுக்கு என் பதில் நேராக ஜாப்ளின், பணம் கட்டச் சம்மதம் என்றால் அப்சிடியனும் அதன் சொந்த ஒத்திசைவுச் சேவையும். பாதி கேள்வி இங்கேயே முடிந்தது.

சரி, ஜாப்ளினை எடுத்துக்கொள்வோம். திறந்த மூலச் செயலி, மார்க்டவுனில் (தலைப்பு, தடிமன் போன்றவற்றை நட்சத்திரம் மாதிரி எளிய குறிகளால் காட்டும் சாதாரண எழுத்து) எழுதுவது, லினக்ஸ், விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்ட், ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும், டெர்மினல் பதிப்புகூட இருக்கிறது. ஒத்திசைக்க நெக்ஸ்ட்கிளவுட் (நாமே நடத்தக்கூடிய கிளவுட் சேமிப்பு), வெப்டாவ் (சர்வரில் கோப்பு வைத்தெடுக்கும் ஒரு பொது முறை), டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், அவர்களுடைய சொந்த ஜாப்ளின் கிளவுட் என்று ஏற்கனவே உங்களிடம் இருப்பது எதையும் பயன்படுத்தலாம். முனைக்கு முனை குறியாக்கத்தை இயக்கிவிட்டால் அந்தச் சேவை நடத்துகிறவர்களால் குறிப்பைப் படிக்க முடியாது. ஆனால் பலர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான்: குறியாக்கம் செய்யப்படுவது வெளியே போகும் பிரதி மட்டும். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பிரதி திறந்தபடிதான் கிடக்கிறது. லேப்டாப் தொலைந்தால் என்ன ஆகும் என்ற கவலை இருந்தால் லினக்ஸை நிறுவும்போதே முழு வட்டுக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், அது குறிப்புச் செயலியின் வேலை இல்லை.

ஜாப்ளினில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. எழுதுவது மார்க்டவுன் என்றாலும் அது சேமிப்பது எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில். ஒத்திசைவு ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் கோப்புகள் இருக்கும், ஆனால் பெயர்கள் எல்லாம் 32 எழுத்து எண் கலவை, எது எந்தக் குறிப்பு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அவற்றை நேரடியாகத் திருத்தவும் கூடாது. அந்தத் தரவுத்தளக் கோப்பையே சிங்க்திங்கில் போட்டுவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும், தயவுசெய்து வேண்டாம். திறந்திருக்கும் தரவுத்தளத்தை இரண்டு இடத்திலிருந்து கோப்பாக நகலெடுத்தால் ஒருநாள் அது சிதைந்துபோகும். ஜாப்ளினுக்குள்ளேயே இருக்கும் ஒத்திசைவை மட்டும் பயன்படுத்துங்கள். வெளியேற நினைத்தால் எல்லாவற்றையும் மார்க்டவுன் கோப்புகளாக ஏற்றுமதி செய்யலாம், நன்றாகவே வேலை செய்கிறது, அதனால் இதை மாட்டிக்கொள்ளும் இடம் என்று சொல்ல மாட்டேன்.

அப்சிடியன் இதற்கு நேர் எதிர். 2020-இல் வந்தது, திறந்த மூலம் இல்லை, ஆனால் உங்கள் குறிப்பு ஒவ்வொன்றும் ஒரு சாதாரண மார்க்டவுன் கோப்பு, நீங்கள் கொடுக்கும் ஃபோல்டரில், நீங்கள் வைக்கும் பெயரில். செயலியை நாளைக்கு நீக்கிவிட்டாலும் எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். இதனால் ஒரு வேடிக்கை என்னவென்றால், மூடிய மூலச் செயலியில் தரவு திறந்திருக்கிறது, திறந்த மூலச் செயலியில் தரவு பெட்டிக்குள் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் கொள்கைக்காக லினக்ஸுக்கு வந்தவர்கள் அப்சிடியனைத் தொட மாட்டார்கள், அது அவர்கள் முடிவு, நியாயமும்கூட. எனக்குத் தரவின் வடிவம்தான் முக்கியம், செயலியின் மூலம் அடுத்தபடி. 2025 பிப்ரவரியிலிருந்து அலுவலக வேலைக்குப் பயன்படுத்தவும் கட்டாயக் கட்டணம் இல்லை, அதற்கு முன்னால் வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் வாங்க வேண்டியிருந்தது.

அப்சிடியனை நிறுவிய உடனே மாற்ற வேண்டிய அமைப்புகள் சில இருக்கின்றன, இவற்றை யாரும் முதல் நாளில் சொல்வதில்லை. ஒன்று, ஒட்டும் படங்கள் இயல்பாகவே வால்ட்டின், அதாவது குறிப்புகளுக்காக நீங்கள் கொடுத்த ஃபோல்டரின், மேல்மட்டத்திலேயே வந்து கொட்டும். இணைப்புகளுக்குத் தனி ஃபோல்டர் குறிப்பிட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சில மாதத்தில் குறிப்புகளைவிடப் படங்கள்தான் அதிகம் தெரியும். அடுத்தது, குறிப்புகளுக்கு இடையே போடும் இணைப்பு இயல்பாக இரட்டை அடைப்புக்குறி வடிவத்தில் இருக்கும், வேறு பல செயலிகளுக்கு அது புரியாது. விக்கி இணைப்பு எனப்படும் இந்த வடிவத்தை அணைத்துவிட்டு, சார்புப் பாதையுடன் கூடிய மார்க்டவுன் இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் பின்னாளில் வேறெங்கும் போகலாம். அப்புறம் சிங்க்திங் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அப்சிடியன் தன் அமைப்புகளை வைக்கும் மறைவு ஃபோல்டருக்குள் 'ஒர்க்ஸ்பேஸ்' என்று ஒரு கோப்பு இருக்கிறது, எந்தத் தாவல் திறந்திருக்கிறது என்பதை அது ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். அதைச் சிங்க்திங்கின் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்க்காவிட்டால் முரண் கோப்புகள் (மோதலால் உருவாகும் இரண்டாம் பிரதிகள்) குவியும், குவிந்ததைப் பார்த்துக் குறிப்பே போய்விட்டது என்று பதறுவீர்கள்.

பிளகின்கள், அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள், பற்றி ஒரு வார்த்தை. அப்சிடியனுக்கு ஆயிரக்கணக்கில் சமூகப் பிளகின்கள் இருக்கின்றன, அதுதான் அதன் பெரிய கவர்ச்சி. ஆனால் அவை எந்தக் கூண்டுக்குள்ளும் ஓடுவதில்லை, உங்கள் கோப்புகளைத் தொடும், இணையத்தையும் தொடும் உரிமை அவற்றுக்கு உண்டு. தவிர, ஒரு பிளகினின் தனி எழுத்துமுறையில் குறிப்புகளை எழுத ஆரம்பித்தால், 'சாதாரண மார்க்டவுன்' என்ற மொத்த ஆதாயமும் போய்விடும். அந்தப் பிளகினை எழுதியவர் கைவிட்ட அன்று உங்கள் குறிப்பில் செத்த குறியீடுகள்தான் மிஞ்சும். ரொம்ப அவசியமானது இரண்டு மூன்று போதும்.

ஜாப்ளின், அப்சிடியன் இரண்டும் எலக்ட்ரான் மேல் கட்டப்பட்டவை, அதாவது ஒவ்வொன்றும் தன்னோடு ஒரு முழு குரோமியம் பிரவுசரைச் சுமந்து வருகிறது. நல்ல ரேம் இருக்கும் கம்ப்யூட்டரில் இதைப் பற்றிப் புலம்புவது வீண். 4 ஜிபி ரேம் வைத்த பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுக்கத்தான் லினக்ஸ் போட்டீர்கள் என்றால் விஷயம் வேறு, பிரவுசரும் எலக்ட்ரான் செயலியும் சேர்ந்தாலே மூச்சு முட்டும். அப்போது க்யூஓன்நோட்ஸ் பாருங்கள். சி பிளஸ்பிளஸ்ஸில் க்யூடி என்ற நிரல் நூலகம் கொண்டு எழுதியது, சட்டென்று திறக்கும், குறிப்புகள் ஃபோல்டரில் மார்க்டவுன் கோப்புகளாகவே இருக்கும், வெளியிலிருந்து கோப்பு மாறினாலும் கவனித்துக்கொள்ளும். நெக்ஸ்ட்கிளவுட் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பொருத்தம், போனில் நெக்ஸ்ட்கிளவுடின் குறிப்புச் செயலி அதே ஃபோல்டரைப் படிக்கும். தோற்றம் கொஞ்சம் பழைய அலுவலக மென்பொருள் போல, பொத்தான்கள் நெரிசலாக இருக்கும். பழகிவிடும், பழகாவிட்டால் க்னோம் டெஸ்க்டாப்புக்கு அயோட்டாஸ் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் நெக்ஸ்ட்கிளவுடோடு பேசும், அதில் அலங்காரமே கிடையாது.

ஜிம் பற்றியும் கேட்பார்கள். பைத்தானில் எழுதிய பழைய டெஸ்க்டாப் விக்கி, ஒவ்வொரு பக்கமும் ஒரு எழுத்துக் கோப்பு, மிக நம்பகமானது. ஆனால் அதன் எழுத்துமுறை மார்க்டவுன் இல்லை, அதற்கென்று தனி, போனில் அதற்குச் சொந்தச் செயலியும் இல்லை. கம்ப்யூட்டரில் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இன்றும் நல்ல தேர்வு. செர்ரிட்ரீயும் அப்படித்தான், மரக்கிளை மாதிரி குறிப்புக்குள் குறிப்பு வைக்க அருமை, நிரல் துண்டுகள் சேமிக்கிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் மொத்தக் குறிப்புகளையும் ஒரே கோப்பில் வைத்துப் பல வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு, அப்படி வைத்தால் இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் திறந்து திருத்தினால் இரண்டு பிரதி உருவாகும், அவற்றைத் தானாகச் சேர்க்க வழி கிடையாது. தனித்தனிக் கோப்பாக இருந்தால் மோதல் ஒரு குறிப்போடு போகும், ஒரே கோப்பாக இருந்தால் மொத்தமும் மோதும்.

லாக்சீக்கை இப்போதைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதில்லை. எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது நல்ல செயலிதான், ஆனால் கோப்புகளிலிருந்து தரவுத்தளத்துக்கு மாறும் வேலை அங்கே நடந்திருக்கிறது. எந்த வடிவத்தை நம்பி உள்ளே போவது என்று தெரியாமல் பல வருடக் குறிப்பைக் கொண்டுபோய் வைக்க மாட்டேன். இமாக்ஸ் என்ற பழைய எடிட்டரின் ஆர்க் மோட், 2003-இல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் தொடங்கியது, அதைப் பயன்படுத்துகிறவர்கள் உயிரையே கொடுப்பார்கள். ஏற்கனவே இமாக்ஸ் தெரிந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார், தெரியாதவர் குறிப்பெடுப்பதற்காக மட்டும் அதைக் கற்க வேண்டியதில்லை. நோஷனுக்கு லினக்ஸில் அதிகாரபூர்வ செயலி இல்லை, பிரவுசரில் ஓட்ட வேண்டியதுதான், ஒன்நோட்டுக்கும் அதே கதி.

ஒன்நோட்டில் பேனாவால் கிறுக்குவதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் மேலே சொன்ன எதுவும் அதற்கு மாற்று இல்லை, இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ஜர்னல் பிளஸ்பிளஸ் நிறுவுங்கள், பிடிஎஃப் மேலேயே எழுதலாம், பேனாவின் அழுத்தத்தை உணரும், பாடக் குறிப்பு எடுப்பவர்களுக்கு இதைவிட நல்லது லினக்ஸில் நான் பார்க்கவில்லை. எல்லையில்லாத வெள்ளைத் தாள் வேண்டுமென்றால் ஆர்நோட். இரண்டுமே கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றித் தராது, கையால் எழுதியதைத் தேடவும் முடியாது. அதனால் கோப்பின் பெயரில் தேதியும் தலைப்பும் ஒழுங்காக வையுங்கள், தேடலுக்கு அது ஒன்றுதான் கைகொடுக்கும்.

இனி தமிழில் எழுதுவது. இந்தப் பகுதியை எந்த ஒப்பீட்டிலும் பார்க்க முடியாது, ஆனால் தினமும் உரசும் விஷயம் இதுதான். முதலில் தட்டச்சு: ஐபஸ் அல்லது எஃப்சிடிக்ஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக தமிழ்99 அல்லது ஒலிபெயர்ப்பு விசைப்பலகை வைத்திருப்பீர்கள். ஜிடிகே, க்யூடி நூலகங்களில் எழுதிய செயலிகளில் பெரும்பாலும் தொல்லை இல்லை. வேலேண்டில் (லினக்ஸில் திரையைக் கையாளும் புதிய முறை) ஓடும் எலக்ட்ரான் செயலிகளில் சில சமயம் உள்ளீட்டு முறையே எட்டிப் பார்க்காது, ஆங்கிலம் மட்டும் விழும். தொடக்கக் கட்டளையில் வேலேண்ட் உள்ளீட்டு முறையை இயக்கும் கொடியைச் சேர்த்து செயலியைத் தொடங்கிப் பாருங்கள், அல்லது பழைய முறைக்கான எக்ஸ் வேலேண்ட் வழியாக ஓட விடுங்கள், இரண்டில் ஒன்று பெரும்பாலும் சரிப்படும். எந்தச் செயலியையும் முடிவு செய்யும் முன் ஒரு முழுப் பத்தி தமிழில் அடித்து, நடுவில் அழித்து, ஒரு சொல்லைத் தடிமனாக்கிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மார்க்டவுன் எடிட்டர்கள் ஒரே அகல எழுத்துருவைப் போட்டிருந்தால் தமிழ் அசிங்கமாகத் தெரியும், அமைப்பில் போய் நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து கோப்புப் பெயர். அப்சிடியனிலும் க்யூஓன்நோட்ஸிலும் தலைப்புதான் கோப்புப் பெயர். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், ஆக 85 குறியீடு. 'கு', 'க்' போன்றவை ஒவ்வொன்றும் இரண்டு குறியீடு என்பதால் நடைமுறையில் ஐம்பது எழுத்தை ஒட்டியே எல்லை வந்துவிடும். ஆங்கிலத்தில் யாரும் முட்டாத சுவரில் தமிழில் ஒரு நீளமான வாக்கியத் தலைப்பு வைத்தாலே முட்டுவோம். ஈகிரிப்ட்எஃப்எஸ் குறியாக்கம் போட்ட ஃபோல்டரில் இந்த எல்லை 143 பைட்டாகக் குறையும். தலைப்பைச் சின்னதாக வையுங்கள், நீளமான விவரம் குறிப்பின் முதல் வரியில் இருக்கட்டும்.

தேடலில் இன்னொரு தொல்லை. 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' கிடைக்காது, செயலிகளுக்கு வேற்றுமை உருபெல்லாம் தெரியாது. கோப்புகளாக வைத்திருந்தால் கோப்புகளுக்குள் தேடும் கட்டளைகளான கிரெப் அல்லது ரிப்கிரெப்பில் 'வீட' என்று மட்டும் தேடுங்கள், உகரமும் புள்ளியும் தனிக் குறியீடுகள் என்பதால் 'வீடு', 'வீட்டில்', 'வீடுகள்' எல்லாமே பொருந்தும். சொல்லின் பகுதியை வைத்துத் தேடும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் தமிழ்க் குறிப்புகளைப் பற்றிய பாதிக் குறை தீரும். ஒகர உயிர்மெய்யை ஒரே குறியீடாக எழுதும் விசைப்பலகையும் உண்டு, இரண்டாகப் பிரித்து எழுதுவதும் உண்டு, பார்க்க ஒன்றுபோலவே இருந்தும் தேடலில் சிக்காமல் போனால் காரணம் அதுவாக இருக்கலாம். பிடிஎஃப் ஆக மாற்றும்போது, எலக்ட்ரான் செயலிகள் குரோமியத்தின் அச்சு வழியைப் பயன்படுத்துவதால் தமிழ் சரியாக வரும். கோப்பு வடிவங்களை மாற்றும் பேண்டாக்கை வைத்து மாற்றினால் அதன் இயல்பான பிடிஎஃப் இயந்திரமான பிடிஎஃப்லேட்டெக் தமிழில் கைவிட்டுவிடும், ஜீலேட்டெக்கைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவையும் சொல்ல வேண்டும்.

நிறுவும்போது: ஃபிளாட்பேக்காக (செயலியைத் தனிக் கூண்டில் ஓட்டும் பொதி) நிறுவிய செயலிக்கு உங்கள் எல்லா ஃபோல்டரும் தெரியும் என்று நினைக்காதீர்கள், குறிப்புகள் வேறு டிரைவில் இருந்தால் ஃபிளாட்சீல் என்ற செயலி மூலம் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். ஆப்இமேஜ் (ஒரே கோப்பாக வரும் செயலி) சொடுக்கியும் திறக்கவில்லை என்றால் உபுண்டு 22.04 முதல் அதற்குத் தேவையான லிப்ஃபியூஸ்2 நூலகம் தானாக வருவதில்லை என்பது பெரும்பாலும் காரணம்.

காப்புப் பிரதியை ஒத்திசைவோடு குழப்ப வேண்டாம். போனில் தவறி அழித்தது கம்ப்யூட்டரிலும் அழியும், அதுதான் ஒத்திசைவின் வேலையே. சிங்க்திங்கில் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி இயல்பாக அணைந்திருக்கும், இயக்குங்கள். மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் தெரிந்தவர்கள் குறிப்பு ஃபோல்டரையே ஒரு கிட் களஞ்சியமாக்கி, தினம் ஒருமுறை தானாகப் பதிவாகும்படி செய்துவிடலாம். கடவுச்சொற்களைக் குறிப்பில் எழுதுகிறவரா நீங்கள்? அவற்றை மட்டும் எடுத்து கீபாஸ்எக்ஸ்சி என்ற கடவுச்சொல் பெட்டகத்தில் போடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

ஆக ஆண்ட்ராய்டும் ஓரளவு நல்ல கம்ப்யூட்டரும் இருந்தால் அப்சிடியன் கூடவே சிங்க்திங், திறந்த மூலம்தான் வேண்டும் என்றாலோ ஐபோன் என்றாலோ ஜாப்ளின், பழைய லேப்டாப் என்றால் க்யூஓன்நோட்ஸ். பழைய குறிப்புகளைக் கொண்டுவரும் வழி எளிதுதான். எவர்நோட்டின் இலவசக் கணக்கு 2023 டிசம்பரிலிருந்து 50 குறிப்பு, ஒரே நோட்புக் என்று சுருங்கிவிட்டதால் அதை முதலில் முடித்துவிடுங்கள்: எவர்நோட்டிலிருந்து ஈநெக்ஸ் (எவர்நோட்டின் ஏற்றுமதி வடிவம்) கோப்பாக ஏற்றுமதி, அதை ஜாப்ளின் நேரடியாகவே படிக்கும். அப்சிடியனில் இம்போர்ட்டர் என்ற அதிகாரபூர்வ பிளகின் ஈநெக்ஸையும் எடுக்கும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஒன்நோட்டையும் இழுத்து வரும், கூகுள் கீப்பின் ஏற்றுமதியையும் எடுக்கும். கொண்டுவந்ததும் படங்கள் அதிகமுள்ள குறிப்பு ஒன்று, அட்டவணை உள்ள குறிப்பு ஒன்று, தமிழில் எழுதிய குறிப்பு ஒன்று திறந்து பாருங்கள். உருவாக்கிய தேதியையும் பாருங்கள், சாதாரண மார்க்டவுன் கோப்பாக மாறும்போது முதலில் தொலைவது அதுதான். ஜாப்ளினிலிருந்து ஏற்றுமதி செய்யும்போது முன்குறிப்புப் பகுதியோடு (கோப்பின் தொடக்கத்தில் வரும் விவரப் பகுதி) கூடிய மார்க்டவுன் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் தேதியும் குறிச்சொற்களும் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டு வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த ஈநெக்ஸ் கோப்பை அழிக்காமல் ஒரு மூலையில் போட்டு வையுங்கள், ஏதோ ஒரு இணைப்பு விட்டுப்போனது மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும்.